சொடுக்கு, கிளிக், அமுக்கு: எதைச் சொல்லிக் கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "சார், நீங்க வலச்சொடுக்குன்னு சொல்லிக் குடுத்ததும் அவங்க ரைட் கிளிக்குன்னு சொன்னதும் ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நடந்தது இதுதான். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன அறையில் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய கணினிகள் மூன்று. கட்டணம் இல்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். ஷிஃப்ட் முடித்து வரும் பெண்கள், ஓய்வு பெற்ற டிரைவர், பூ மண்டியில் கணக்கு எழுதுகிறவர், இப்படி. அவர்களுக்காக நானே பதினாறு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் எழுதியிருந்தேன். சுட்டி, சொடுக்கு, இரட்டைச் சொடுக்கு, வலச்சொடுக்கு, இழுத்து விடு, கோப்பு, கோப்புறை என்று எல்லாம் நல்ல தமிழ்.

அந்த அம்மா பன்னிரண்டு வருஷமாக ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போய்விட்டது. ஸ்டோரில் உட்கார்ந்து சரக்கு வரவு செலவைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை ஒன்று காலியானது. "கம்ப்யூட்டர் தெரியும்" என்று கையைத் தூக்கியிருக்கிறார். ஒரு பையன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்த ரோ மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸர்ட் குடுங்க" என்றிருக்கிறான். இவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னான், சத்தமாக. மூன்றாவது தடவை அவனே மவுஸைப் பிடுங்கிச் செய்துவிட்டு, "தெரியாதுன்னு முன்னாடியே சொல்லலாமில்ல" என்றான். அவ்வளவுதான், அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது.

அவருக்கு அந்த வேலை தெரியும். நான்தான் பார்த்திருக்கிறேனே, என் அறையில் வரிசை சேர்ப்பதும் நீக்குவதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரியாமல் போனது அதன் இன்னொரு பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்காதவன் நான்.

இந்த இடத்தில் சிலர், "அதுதான் தமிழில் சொல்லிக் கொடுத்தால் இப்படி ஆகும்" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வெறும் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தாலும் இதே கதைதான், வேறு மாதிரி வரும். அதற்கும் வருகிறேன்.

முதலில் இந்தச் சொற்களின் ஜாதகத்தைப் பார்ப்போம். மவுஸ் என்ற கருவி 1964 வாக்கில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் மரப்பெட்டியாகப் பிறந்தது. 1968 டிசம்பர் 9 அன்று அவர் அதை மேடையில் இயக்கிக் காட்டினார். அப்போது அதற்கு மூன்று பொத்தான்கள். ஆப்பிள் 1983இல் லிசாவையும் 1984இல் மேக்கின்டாஷையும் கொண்டுவந்தபோது ஒரே பொத்தானோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்தப் பொத்தான் என்று யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்பது காரணம். நல்ல யோசனைதான். ஆனால் பொத்தான் குறைந்தால் வேலை குறையுமா? ஒரே பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு பொருள், இரண்டு தடவை சட்டென்று அழுத்தினால் வேறு பொருள் என்றானது. விண்டோஸ் காலத்தில் இரண்டாவது பொத்தானும் வந்தது, இரட்டை கிளிக்கும் தங்கிவிட்டது. சீட்டாட்டம் தெரியும்தானே, சாலிட்டேர்? 1990இல் விண்டோஸ் 3.0 உடன் அதைச் சேர்த்துக் கொடுத்ததே ஜனங்கள் இழுத்துப் போடப் பழகட்டும் என்றுதான் என்பார்கள். ஆபீஸ் நேரத்தில் சீட்டாடினவர்கள் எல்லாம் பயிற்சி எடுத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு வரும்போது மவுஸ் 'சுட்டி' ஆனது. பாடநூலிலும் சுட்டிதான். அழகான சொல். ஆனால் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளை, நெற்றியில் கட்டுகிற நகை. போதாததற்கு, இணையத்தில் தமிழ் எழுத ஆரம்பித்த நம் வலைப்பதிவர்கள் 'லிங்க்' என்பதற்கும் சுட்டி என்றே எழுதினார்கள். திரையில் ஓடுகிற அம்புக்குறிக்கும் சிலர் அதையே வைத்தார்கள். சுட்டியால் சுட்டியை நகர்த்திச் சுட்டியைச் சொடுக்கு என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, புதிதாக வந்தவருக்குப் பைத்தியம் பிடிக்கும், அவ்வளவுதான்.

'கிளிக்' பக்கம் இரண்டு கட்சி. தமிழ் விக்கிப்பீடியா போன்ற இடங்களில் 'சொடுக்கவும்'. தினமலர் கம்ப்யூட்டர் மலர் படித்து வளர்ந்தவர்களுக்கு 'கிளிக் செய்திடவும்' என்ற தொடர் காதிலேயே நிற்கும். இதற்கு நடுவில் 'அழுத்தவும்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கூகுள் போனில் 'தட்டவும்' என்கிறது. நான் சொடுக்குக் கட்சி. காரணமும் வைத்திருந்தேன். விரலைச் சொடுக்கினால் சத்தம் வரும், சட்டென்று முடியும், மவுஸும் அப்படித்தானே சத்தம் போடுகிறது என்று வகுப்பில் விளக்கம் கொடுப்பேன்.

விளக்கம் நன்றாக இருந்தது. விரல்கள்தான் கேட்கவில்லை.

இத்தனை நாள் கவனித்ததைச் சொல்கிறேன். சொடுக்கு என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாமல் இல்லை. கட்டை விரலும் நடு விரலும் உரசினால் சொடுக்கு. நெட்டி முறித்தால் சொடுக்கு. சாட்டையைச் சொடுக்கலாம். மூன்றிலும் கை வீசி அடிக்கும். அதனால் 'சொடுக்குங்கள்' என்று சொன்னதும் முதல் நாள் வகுப்பில் மவுஸ் துள்ளும். விரல் விழுகிற வேகத்தில் அம்பு இடம் மாறிவிடும், வேறு எதன் மேலோ போய் விழும். 'அழுத்துங்கள்' என்று மாற்றிச் சொன்னேன். இப்போது எதிர்ப்பக்கம் போனார்கள். பொத்தானை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். மெஷின் ஓட்டுகிறவர்கள் இல்லையா, சில மெஷினில் இரண்டு கையாலும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் பிரஸ் இறங்கும், கையை எடுத்தால் நின்றுவிடும். அவர்களுக்கு அழுத்து என்றால் பிடித்திரு என்றே பொருள். சரி, 'கிளிக் பண்ணுங்க' என்றேன். "கிளிக்னா சார்?" என்று கேட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

இங்கே நம் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. ஓசூரில் ஒரு அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் வீட்டில் தமிழ் பேசுகிறவர் நாலு பேர் இருந்தால் அதிகம். தளி, பாகலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கன்னடமும் தெலுங்கும். தெலுங்கு வீட்டுக்காரர் 'நொக்கு' என்பார், கன்னட வீட்டுக்காரர் 'ஒத்து' என்பார். அந்த 'ஒத்து' நமக்கும் அந்நியமில்லை, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோமே, அந்த ஒற்றுதல்தான். ஒரு நாள் வகுப்பில் எல்லோரும் தங்களுக்குள்ளே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைக் காது கொடுத்துக் கேட்டேன். தமிழ்க்காரர் 'அமுக்கு' என்கிறார், பக்கத்தில் உட்கார்ந்த கன்னட வீட்டு அம்மாவுக்கும் அது உடனே புரிகிறது. கன்னடத்திலும் 'அமுக்கு' போலவே 'அமுகு' என்று ஒரு சொல் உண்டு. என் கையேட்டில் இல்லாத சொல்லில் ஒரு முழு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அமுக்கு என்பது கொச்சை என்று நானே எத்தனை நோட்டில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்! (காசை அமுக்குவது வேறு கணக்கு. அதை விட்டுவிடுவோம்.)

ஆக, சொல் எது என்பதைவிட, சொல்லுக்குள் எந்த அசைவு இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. ஒரு கிளிக்கில் இரண்டு அசைவு: விரல் இறங்க வேண்டும், ஏற வேண்டும். இறங்குவதை மட்டும் சொல்கிற சொல் பாதிச் சொல். அதற்கு நம் மொழியில் வழி இல்லையா? வினையெச்சம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு செயலைக் கோர்த்துச் சொல்வதில் தமிழுக்கு இணை ஏது? 'அழுத்தி விடு' என்று எழுதிப் பார்த்தேன். அங்கே ஒரு வழுக்கல். 'விடு' தனி வினையாக இருந்தால் கையை எடு என்று பொருள். துணைவினையாக ஒட்டிக்கொண்டால் 'அழுத்திவிடு', அதாவது கண்டிப்பாக அழுத்து என்று பொருள். எழுத்தில் ஒரு இடைவெளி காப்பாற்றும், காதுக்கு இடைவெளி தெரியாது. இதே வழுக்கல்தான் 'இழுத்து விடு' என்பதிலும். ஆங்கிலத்தின் டிராக் அண்ட் டிராப் என்பதற்கு எல்லோரும் எழுதுவது அது. ஆனால் 'கதவை இழுத்துவிடு' என்றால் கதவைச் சாத்து என்றல்லவா வீட்டில் பொருள்? எங்கே அழுத்துவது, எதுவரை பிடித்திருப்பது, எப்போது விரலை எடுப்பது, மூன்றுமே அதில் இல்லை. பூ மண்டிக்காரர் ஒரு நாள் இழுத்த வேகத்தில் பாதியில் விரலை எடுத்துவிட்டார். அவருடைய ஒரு மாதக் கணக்கு இருந்த ஃபோல்டர் வேறொரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அழிந்துவிட்டது என்றே நினைத்து மனிதர் வியர்த்துப் போனார்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ரேகை வைக்கிற பலகை. "மையில விரலை அழுத்தி எடுப்பீங்கல்ல, அந்த மாதிரி" என்றேன். அழுத்தி எடு. அவ்வளவுதான். மவுஸ் துள்ளவில்லை, யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. படிக்காதவர்களின் அடையாளம் என்று நாம் ஒதுக்குகிற கைநாட்டு, கம்ப்யூட்டர் பாடத்தில் முதல் உதாரணமாக வந்து நின்றது.

இரட்டைச் சொடுக்கு தனிக் கதை. 'இருமுறை சொடுக்கவும்' என்று என் கையேட்டில் இருந்தது. ஓய்வு பெற்ற டிரைவர் ஒருமுறை அழுத்துவார், என்ன நடக்கிறது என்று பார்ப்பார், நிதானமாக இன்னொரு முறை அழுத்துவார். கையேட்டின்படி அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. விண்டோஸ் இரண்டு அழுத்தலுக்கு நடுவே சாதாரணமாக அரை நொடிதான் அவகாசம் தருகிறது, அந்த அரை நொடியை நான் எழுதவில்லை. இப்போது 'டக்டக் என்று' என்று எழுதியிருக்கிறேன். கை நடுங்குகிற பெரியவர்களுக்கு மவுஸ் அமைப்புக்குள் போய் அந்த அவகாசத்தைக் கூட்டிக் கொடுத்துவிடலாம், அங்கேயே பழகிப் பார்க்க ஒரு ஃபோல்டர் படமும் உண்டு. இதைச் சொல்லித்தருகிற ஆரம்பப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

இதைவிட மோசம், இரட்டை அழுத்தலைக் கற்றுக்கொண்ட பிறகு வருவது. எல்லாவற்றையும் டக்டக் என்று அடிக்க ஆரம்பிப்பார்கள். ஒருவர் மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும்போது பணம் செலுத்துகிற பொத்தானை இரண்டு முறை அடித்துவிட்டார். இரண்டு முறை பணம் போனது. திரும்பி வர ஆறு வாரம். அவர் கேட்டதும் நியாயம்தான்: "எங்கே ஒண்ணு, எங்கே ரெண்டுன்னு எப்படி சார் தெரியும்?" திறக்க வேண்டிய படத்துக்கு இரண்டு, பொத்தானுக்கும் லிங்குக்கும் ஒன்று. இந்த ஒரு வரி என் பதினாறு பக்கத்தில் எங்கும் இல்லை.

ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுத்தாலும் இதே கதைதான் என்றேன் இல்லையா, அது இதுதான். 'டபுள் கிளிக்' என்றாலும் அந்த அரை நொடி அதற்குள் இல்லை, எங்கே என்பதும் இல்லை. இப்போது ஆங்கிலத்தில் வேறொரு போக்கும் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் எழுத்து நடைக் கையேடு, கிளிக் என்பதற்குப் பதில் முடிந்தவரை 'செலக்ட்' என்று எழுதச் சொல்கிறது. விரலால் தொடுகிறவர், மவுஸ் வைத்திருக்கிறவர், விசைப்பலகை மட்டும் பயன்படுத்துகிற பார்வையற்றவர் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் மவுஸைத் தொடுகிறவருக்கு அது ஆகாது. 'தேர்ந்தெடு' என்று தமிழில் எழுதினால், கோப்பைத் தேர்ந்தெடு என்பது ஒருமுறை அழுத்தி நிறம் மாறுவதோடு நிற்கிறது, சேவ் என்பதைத் தேர்ந்தெடு என்பது வேலையே நடந்துவிடுகிறது. ஒரே சொல், இரண்டு விளைவு. பழகியவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பழகாதவருக்கு அதுதான் முழுப் பிரச்சினை.

இன்னொன்று, இப்போது வருகிறவர்கள் யாரும் வெறும் கையோடு வருவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் மவுஸ்தான் முதல். இன்று ஒவ்வொருவர் இடுப்பிலும் போன். போனில் ஒரு தட்டில் திறக்கும், கணினித் திரையில் ஒரு தட்டில் நிறம்தான் மாறும். போனில் அமுக்கிப் பிடித்தால் பட்டியல் விரியும். அதனால் இங்கேயும் இடது பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டியல் வரும் என்று காத்திருக்கிறார்கள். 'போன்ல அமுக்கிப் பிடிக்கிறது இங்கே இந்தப் பக்கப் பொத்தான்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வலது பொத்தான் பாடம் முடிந்தது. அரசு மடிக்கணினி 2011இல் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்களே, அவற்றில் சில இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. அதில் மவுஸே கிடையாது, தடவுகிற பலகைதான். அங்கே மவுஸை மட்டும் வைத்து எழுதிய கையேடு பாதிப் பயன்தான்.

வலது, இடது என்பதிலும் ஒரு சிக்கல். என் வகுப்பில் இடது கைப் பழக்கம் உள்ள பெண் ஒருவர் இருக்கிறார். மவுஸை இடது பக்கம் வைத்து, அமைப்பில் பொத்தான்களை மாற்றிக் கொடுத்தேன். மாற்றியதும் என் கையேடு முழுக்கப் பொய்யாகிவிட்டது. வலச்சொடுக்கு என்ற இடமெல்லாம் அவருக்கு இடது. ஆட்காட்டி விரல் பொத்தான், நடுவிரல் பொத்தான் என்று எழுதினால் இரண்டு கைக்கும் சரியாக வருகிறது. விரல் பெயர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோத்துக்கைப் பக்கம் என்று நம் ஊரில் சொல்வதும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இவர் சாப்பிடுவது வலது கையால், எழுதுவது இடது கையால், அதனால் அதுவும் உதவவில்லை!

இப்படியாகக் கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் மவுஸின் பெயரே வராது. கையை எப்படி வைப்பது, அம்பை நகர்த்துவது, ஆட்காட்டி விரலை அழுத்தி எடுப்பது. இரண்டாம் பக்கத்தில் பெயர் சூட்டல்: 'இப்போது செய்தீர்களே, இதைக் கிளிக் என்பார்கள், புத்தகங்களில் சொடுக்கு என்றும் இருக்கும்.' நடுவிரல் பொத்தானுக்கு: 'இதை ரைட் கிளிக் என்பார்கள், வலச்சொடுக்கு என்றும் எழுதுவார்கள்.' அதன் பிறகு கடைசிப் பக்கம் வரை ஒரே சொல், கிளிக். ஆமாம், சொடுக்குக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன். வருத்தம்தான். கலைச்சொல் ஆர்வலர் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நீங்களே இப்படிச் செய்தால் எப்படி?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு நான் சொன்னது: பாடநூலிலும் விக்கிப்பீடியாவிலும் சொடுக்கு நிற்கட்டும், நிற்க வேண்டும். அங்கே படிக்கிறவருக்கு நேரம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர் நாளைக் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய் ஒரு சூப்பர்வைசர் பையன் முன்னால் நிற்க வேண்டும். அவன் வாயில் வருகிற சொல் அவர் காதுக்குப் பழகியிருக்க வேண்டும். தமிழை எதில் காட்டுவது என்றால் விளக்கத்தில் காட்டலாம், அழுத்தி எடு, பிடித்தபடி நகர்த்து, வந்த இடத்தில் விரலை எடு என்று. இதையெல்லாம் விட்டுவிட்டு 'கிளிக் செய்து டிராக் செய்து டிராப் செய்யவும்' என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது தமிழும் இல்லை, பாடமும் இல்லை.

திரையில் ஆங்கிலத்தில் இருக்கிற பட்டியல் பெயர்களையும் இப்போது உச்சரிப்பு மாறாமல் எழுதுகிறேன். திரையில் ஃபைல் என்று இருக்க, கையேட்டில் கோப்பு என்று மட்டும் எழுதி, அவர்களைத் திரை முழுக்கக் கோப்பைத் தேடவிட்ட பாவமும் என் கணக்கில்தான் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் திருத்திய முதல் நாலு பக்கத்தைப் போன வாரம் கொடுத்தேன். படித்துவிட்டு, 'டக்டக்' என்ற இடத்தில் சிரித்தார். பிறகு பேனா வாங்கி, ரைட் கிளிக் என்பதற்குப் பக்கத்தில் கன்னடத்திலும் எழுதி வைத்துக்கொண்டார், அவர் வீட்டு மொழி அது. ஸ்டோரில் அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று தெரியாது என்றார். லைனில்தான் நிற்கிறார்.

கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிற நண்பர்கள், உங்கள் ஆட்கள் 'கிளிக்' என்பதற்கு வாயில் என்ன சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தருமபுரி, சேலம் பக்கம் வேறு சொல் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். பன்னிரண்டாம் பக்கம் வரை திருத்திவிட்டேன், மீதி நாலு பக்கம் ஜெராக்ஸுக்குப் போகும் முன் சேர்த்துக்கொள்ளலாம்.